அம்புக்குறி போட்ட வயர்

பம்பலப்பிட்டிக் கடையொன்றில் இன்று, பாம்பளவு தடித்த, துணி பின்னிய, ஆம்ப்ளிஃபயரைச் சுவர்ப் பிளக்கில் இணைக்கும் மின்சார வயர் ஒன்றைக் கையில் தந்தார்கள். ஒன்றரை மீற்றர், 85,000 ரூபாய்.

அதன்மேல் சின்னஞ்சிறு வெள்ளி அம்புக்குறி. அத்திசையில் மின்சாரம் ஓடினால்தான் பாட்டுத் தெளிவாகக் கேட்குமாம்.

நம் சுவருக்கு வருவதோ 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். செக்கனுக்கு 100 தடவை திசை மாறுவது.

லக்சபான நீர்மின் நிலையத்திலிருந்து அலுமினியக் கம்பிகளில் மலையிறங்கி, தெருமுனை மின்மாற்றியையும் தாண்டி, எங்கள் வெள்ளவத்தை வீட்டின் பழைய செப்புக் கம்பிக்குள் நுழையும் மின்சாரத்தை, கடைசி ஒன்றரை மீற்றர் மட்டும் எப்படிச் சுத்திகரிக்கும் என்று கேட்டேன்.

"வயர் பழக 200 மணித்தியாலம் எடுக்கும், அண்ணை" என்றார் கடைத் தம்பி.

வீட்டுக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியோடு ஒரே பிளக்கைப் பங்கிடும் என் ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். வெளியே கொழும்பு–காலி வீதி பஸ்களின் ஹோர்ன் மட்டுமே இரைச்சலாக இருந்தது.