சாகுபடிதாரர் பேரு

1989ல தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கம் ஒண்ணுல கிளார்க்கா சேர்ந்தேன். திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை ஊரு, மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தா எங்க வாய்க்காலுக்கு அது வந்து சேர்றதுக்குள்ள பேப்பர்ல அந்த நியூஸே பழசாயிருக்கும். நான் சேர்ந்தப்ப தஞ்சாவூர் மாவட்டம், 91ல நாகப்பட்டினம், 97ல திருவாரூர். ஊரு இருந்த இடத்துலயேதான் இருந்துச்சு, ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு மட்டும் மாறிக்கிட்டே இருந்துச்சு.

சேர்ந்து ரெண்டு மூணு மாசத்துலயே அவரு வந்தாரு. நாப்பது வயசு தாண்டியிருக்கும், தோள்ல ஒரு துண்டு, கையில காகிதம்னு ஒண்ணுமே இல்ல. "கிளார்க்கு சார், உரக் கடன் கெடைக்குமா"ன்னாரு. நெலம் யாரு பேருலன்னு காட்டற சிட்டா, அடங்கல் இருக்கான்னு கேட்டேன். "நெலம் ஐயா வூட்டுது சார், நான் வாரத்துக்குப் பண்றேன்." வாரம்னா அடுத்தவங்க நெலத்துல பயிர் வச்சு வெளச்சல்ல பங்கு குடுக்கறது. அப்ப அவங்கள வரச் சொல்லுங்கன்னேன். அவ்வளவுதான் பேச்சு, ரெண்டு நிமிஷம் கூட ஆகல. அந்த "அவங்கள வரச் சொல்லுங்க"வ அதுக்கப்புறம் சர்வீஸ் முழுக்க எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல.

அடங்கல்னா தெரியாதவங்களுக்கு சொல்றேன், எந்த புல எண்ல யாரு என்ன பயிர் வச்சிருக்காங்கன்னு கிராம நிர்வாக அலுவலர் எழுதற கணக்கு. அதுல சாகுபடிதாரர் பேருக்குன்னே தனியா ஒரு கட்டம் இருக்கு. சட்டம் போட்டவங்க நெனச்சது உழுறவன் பேரு அதுல வரணும்னுதான். ஆனா எங்கிட்ட வந்த அடங்கல்ல முக்காவாசி அந்தக் கட்டத்துல பட்டாதாரர் பேரு இருக்கும், இல்லன்னா "சொந்தம்"னு ஒரு வார்த்த இருக்கும். 1980 வரைக்கும் பரம்பரை கணக்குப்பிள்ளைங்க எழுதுனாங்க, அதுக்கப்புறம் பரீட்ச எழுதி வந்த வி.ஏ.ஓ.ங்க எழுதறாங்க, பேனா மாறுச்சு, எழுதற பேரு மாறல. அவங்கள மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்ல, நானும் அந்தக் காகிதத்தப் பாத்துதான் என் லெட்ஜர்ல "விவசாயி பெயர்"ன்னு எழுதுனேன், மெட்ராஸ்ல பேங்க் வேல பாக்கறவரு, கும்பகோணத்துல நகைக்கடை வச்சிருக்கறவருன்னு எல்லாரும் என் லெட்ஜர்ல விவசாயிதான்.

அவரோட பழக்கம் ஆனது உர குடோன்ல. ஐயா வீட்டு கார்டுல யூரியா, டி.ஏ.பி. எடுக்க அவருதான் மாட்டு வண்டியோட வருவாரு, லோடு வர லேட் ஆகும், டீக்கடைல உக்காந்துருப்போம். கொஞ்ச நாள்ல சார் போயி தம்பின்னு ஆயிடுச்சு, நானும் அண்ணேன்னு கூப்பிட ஆரம்பிச்சேன். அவங்க வீட்டுக் கதைய அவரு ஒரே மூச்சுல சொன்னதே இல்ல, ஒரு டீக்கு ஒரு துண்டுன்னு பத்து வருஷமா சொன்னாரு.

தாத்தா பண்ணையாள், அதாவது நெலக்காரர் பண்ணைக்குக் கட்டுப்பட்டு வேல செஞ்சவரு. தாத்தா பேரத் தவிர வேற எதுவும் இவருக்குத் தெரியல, பொறந்த வருஷம் தெரியாது, செத்தது "பெரிய வாந்திபேதி வந்தப்ப"ன்னு மட்டும் தெரியும். வேலைக்கு லேட்டா வந்தா சவுக்கடி, எதுத்துப் பேசினா சாணியக் கரைச்சு குடிக்க வைக்கற சாணிப்பால், அத இவரு கதையா சொல்லல, தகவல் மாதிரி சொல்லிட்டு டீ கிளாஸ கீழ வச்சாரு. அப்பா காலத்துலதான் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்தாரு. கன்னடக்காரரு, தமிழே இங்க வந்துதான் பழகுனாரு, 43ல கீழத்தஞ்சைக்கு வந்து விவசாயிங்க சங்கம் கட்டினாரு. திருத்துறைப்பூண்டில அவரு நினைவிடத்துக்கு வருஷா வருஷம் இவரு போவாரு, கட்சிக்காக இல்லயாம், "அப்பா நிமிந்து நின்னது அவராலதான் தம்பி, அதுக்கு முன்னாடி எங்கப்பா மூஞ்ச நெலத்தப் பாத்துதான் வச்சிருந்தாராம்."

1952ல ராஜாஜி ஆட்சில தஞ்சை பண்ணையாள் பாதுகாப்பு சட்டம் வந்துச்சு. பண்ணையாள சும்மா வெரட்டக் கூடாது, வாரதாரருக்கு அஞ்சுல ரெண்டு பங்கு குடுக்கணும்னு சட்டம். அஞ்சுல ரெண்டுங்கறத இப்ப கேட்டா இதுக்கா போராடுனாங்கன்னு தோணும், ஆனா அதுக்கு முன்ன களத்துல நடக்கற பிடித்தமெல்லாம் போக அஞ்சுல ஒண்ணு தேறுனாலே பெரிசுன்னு அவங்கப்பா சொல்லுவாராம். அந்த சமயத்துலதான் அப்பாவுக்கு 9 மா, அதாவது 3 ஏக்கர், வாரத்துக்குக் கெடைச்சுது. பண்ணையாளா இருந்த மனுஷன் வாரதாரன் ஆனாரு. ஊருல அது பெரிய விஷயம்.

இப்ப நான் சொல்லணும்னு நெனச்ச இடத்துக்கு வர்றேன். 1969ல குத்தகை உரிமைப் பதிவு சட்டம் வந்துச்சு, யாரு யாரு நெலத்த குத்தகைக்குப் பண்றாங்களோ அவங்க பேர தாசில்தார் ஆபீஸ் பதிவேட்டுல ஏத்திக்கலாம்னு. அவரு ஊருலயே நாலஞ்சு பேரு பதிஞ்சாங்க. இவங்கப்பா பதியல. காரியஸ்தர் வந்து திண்ணைல உக்காந்து, "நமக்குள்ள என்னடா பதிவு, ஐயா ஒன்ன அப்படியா வச்சிருக்காரு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். நான் சின்ன வயசுத் திமிர்ல, "உங்கப்பா ஏமாந்துட்டாருண்ணே"ன்னுட்டேன். அவருக்குக் கோவமே வரல. "தம்பி, அந்தத் திண்ண யாரு எடத்துல இருந்துச்சு?"ன்னு கேட்டாரு.

அவங்க குடிசையே மிராசுதார் கொல்லைல இருந்துச்சு. காலி பண்ணக் கூடாதுன்னு 61லயே ஒரு சட்டம் இருந்துச்சு, ஆனா இருக்கற மனை அவங்களுக்கே சொந்தம்னு ஆனது 71ல வந்த குடியிருப்பு சட்டத்தாலதான். அதாவது நெலத்துக்குப் பேரு பதியற சட்டம் மொதல்ல வந்துச்சு, ஒக்கார்ற எடம் சொந்தமாகற சட்டம் ரெண்டு வருஷம் கழிச்சு வந்துச்சு. பதிவு சட்டத்துக்கு முந்தின வருஷம், 68 டிசம்பர் 25ல, நாகப்பட்டினம் பக்கத்துல கீழ்வெண்மணில கூலி கேட்ட குடும்பங்கள்ல 44 பேர குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க. அந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், அடுத்தவன் கொல்லைல பொண்டாட்டி புள்ளைய வச்சுக்கிட்டு ஒருத்தரு தாலுக்கா ஆபீஸுக்குப் போயி அந்த அடுத்தவனோட நெலத்துலயே தன் பேர எழுதணும்னா எவ்வளவு துணிச்சல் வேணும். பதிஞ்ச நாலஞ்சு பேருக்கும் வேற எடத்துல கைப்பிடி மண்ணு சொந்தமா இருந்துச்சு, நானே பின்னாடி பழைய கணக்கப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. சட்டம் ரெண்டும் முன்ன பின்ன மாறி வந்திருந்தா எனக்கு அவரு பேரு லெட்ஜர்ல இருந்திருக்கும்னு இன்னிக்கும் நெனச்சுக்கறேன்.

77 புயலுக்கு அடுத்த வருஷம் அப்பா செத்தாரு, வாரம் இவரு கைக்கு வந்துச்சு. காகிதம் கெடையாது, ஐயா வீட்டு வாசல்ல போயி நின்னாரு, "நீயே பாத்துக்க"ன்னாங்க. வெத, உழவு, சேடை, நாத்து, நடவு, உரம், மருந்து எல்லாம் இவரு செலவு, களத்துல பாதிக்குப் பாதி. சட்டப்படி பாத்தா நெலத்துக்காரருக்கு விளைச்சல்ல 25 சதவீதம்தான் நியாய வாரம், 1956ல 40 சதவீதம்னு இருந்து அப்புறம் கொறைச்சது. ஆனா அந்தச் சட்டத்தச் சொல்லிக் கேக்கணும்னா நான் குத்தகைதாரன்னு மொதல்ல நிரூபிக்கணும். "கையெழுத்து போட்டா நெலம் போயிடும்னு அவங்களுக்குப் பயம், கையெழுத்து கேட்டா நெலம் போயிடும்னு எங்களுக்குப் பயம்"ன்னு அவரு சொல்லுவாரு.

கணக்கு வச்சிருந்தது அவரு சம்சாரம். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வீட்டு மண் செவுத்துல கரிக்கோடு. எத்தன மூட்ட கண்டுமுதல், பங்குக்கு எவ்வளவு போச்சு, எவ்வளவு சாவி, அதாவது பதரு, விதைக்கு எடுத்து வச்சது எவ்வளவு, எல்லாம் கோடுதான், ஒவ்வொரு போகத்துக்கும் தனியா ஒரு வரிச. பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்பயும் அந்தச் செவுத்த மட்டும் விட்டுருவாங்க. ஒரு தடவ சும்மா டெஸ்ட் பண்ணலாம்னு ஒரு பழைய வருஷத்தக் காட்டி கேட்டேன், "அது ஆடுதுற 36 போட்ட குறுவ, அறுப்புல மழ, மாவுக்கு ஆறு மூட்டகூட தேறல"ன்னு கோட்டப் பாத்து சொன்னாங்க. எங்க சங்கத்துல ஆடிட்டுக்கு பழைய ரெஜிஸ்டர் தேடினா பாதி கரையான் தின்னிருக்கும்.

இப்ப நான் செஞ்சத சொல்லணும். 2016ல சம்பா தண்ணியில்லாம காஞ்சு போச்சு, அடுத்த ஜனவரில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அறிவிச்சாங்க. அந்த வருஷம்தான் புது பயிர் காப்பீட்டுத் திட்டம் வந்திருந்துச்சு, சங்கத்துல பயிர்க்கடன் வாங்குனா பிரீமியம் 1.5 சதவீதம் தானாவே புடிச்சுக்குவோம். கடன் ஐயா மகன் பேருல, உரத்த எடுத்துட்டு போனது இவரு, அறுப்புக்கு அப்புறம் அந்தக் கடன நெல்லா திருப்பிக் கட்டறது இவரு. இத்தனைக்கும் தவணைக்குள்ள கட்டினா சங்கத்துல வட்டியே கெடையாது, ஆனா அவங்க வீட்டுல இவருக்கு வட்டி உண்டு, அது வேற கத. ஆக பிரீமியமும் இவரு காசுதான். இன்சூரன்ஸ் தொகை வந்துச்சு, லிஸ்ட்ல எந்த அக்கவுண்ட் நம்பர் இருக்கோ அதுல ஏறுச்சு. அந்த நம்பர டைப் பண்ணது நான்.

ஐயா மகன ரொம்ப கெட்டவருன்னு சொல்ல முடியாது, ரிட்டயர்டு வாத்தியார், வாரம் மூணு நாளு டயாலிசிஸ்ல இருந்தாரு. காசு வந்ததும் போன வருஷ உர பாக்கில கழிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டாரு. அண்ணன் எங்கிட்ட வந்து சண்டல்லாம் போடல, "பயிரு செத்தது என்னுது, ஈட்டுத்தொக அவருதா தம்பி?"ன்னு கேட்டாரு. ரூல் அப்படிண்ணேன்னு சொன்னேன். சொல்லிட்டு அவசரமா இருக்கற மாதிரி கம்ப்யூட்டர பாத்தேன், ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்ல.

2018 நவம்பர் 16 கஜா. ஓடு, கீத்து எல்லாம் போச்சு, கரிக்கோடு இருந்த செவுரு ஊறி விழுந்துருச்சு. நான் ஒரு வாரம் கழிச்சு போனேன், அக்கா மண்ணுக் குவியல காட்டி "நாப்பது வருஷக் கணக்கு தம்பி, வாரி வெளில கொட்டியாச்சு"ன்னாங்க. அடுத்த வருஷம் விவசாயிக்கு வருஷம் 6000 ரூவா மத்திய அரசு திட்டம் வந்துச்சு, நெலம் சொந்தமா இருக்கறவங்களுக்கு மட்டும். அது அண்ணன் என்னக் கேக்கக்கூட இல்ல. அதோட கொள்முதல் நிலையத்துலயும் 40 கிலோ மூட்ட போட்டா பணம் நேரா பேங்க்ல, அதுவும் சிட்டாவுல இருக்கற பேருக்குன்னு ஆயிடுச்சு, அதனால தன் பாதி பங்க அவரு வியாபாரிகிட்ட கம்மி வெலைக்குத்தான் போடறாரு. 17 சதவீத ஈரப்பதம்னு பாத்து நிக்க வேண்டியதில்ல, உடனே கைல காசுன்னு அவரே ஒரு சமாதானமும் சொல்லிக்குவாரு.

2021 பிப்ரவரில கூட்டுறவு பயிர்க்கடன் தள்ளுபடி, 12,110 கோடி, 16.43 லட்சம் விவசாயிங்க. ஆபீஸ்ல ராத்திரி பகலா லிஸ்ட் போட்டோம், அதுல அந்த 9 மாவும் இருந்துச்சு. அவரு பேரு இல்லன்னு தனியா வேற சொல்லணுமா.

நான் ரிட்டயர்டு ஆனதுக்கு அப்புறமும் போயிட்டுதான் இருக்கேன். பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனி, பேரன் பாலிடெக்னிக், ரெண்டு பேரும் வயலுக்கு வர மாட்டாங்க, வரவும் வேணாம்ங்கறாரு. நெலத்த விக்கப்போறதா பேச்சு அடிபடுது. போன அறுப்பு முடிஞ்சு போயிருந்தேன், கான்க்ரீட் வீடு, பெயிண்ட் அடிச்ச செவுரு, கோடு போட எடமில்ல. பேரனோட பழைய நோட்டுல மீதி இருந்த பக்கத்த எடுத்துக் குடுத்து, "நீங்கதான் சும்மா இருக்கீங்கள்ல, இந்த வருஷக் கணக்க எழுதிக் குடுங்க தம்பி"ன்னாரு. பழக்க தோஷம், ஸ்கேல் வச்சு கட்டம் போட்டேன், புல எண், பரப்பு, பயிர், சாகுபடிதாரர். அந்தக் கட்டத்துல அவரு பேர எழுதினேன். அக்கா உள்ளருந்து என்ன எழுதறீங்கன்னு கேட்டாங்க, சொன்னேன்.

"அவரு மட்டுமா நட்டாரு? எம்பேரயும் போடுங்க. போட்டுட்டு, உரக்கடைல ரெண்டு மூட்ட பாக்கி நிக்குது, அதையும் கீழ எழுதிக்கங்க."