பாதுவாவில் ஜோத்தோவின் சுவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

இத்தாலியின் பாதுவா நகரில், ஓவியர் ஜோத்தோ சுவர்களில் தீட்டிய ஸ்க்ரோவெக்னி சிற்றாலயத்துக்குள் நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. முதலில் கண்ணாடி அறையில் கால் மணி நேரம் காக்க வைக்கிறார்கள். நம்மோடு வரும் ஈரமும் தூசும் ஓவியங்களைக் கெடுத்துவிடக் கூடாதே! உள்ளேயும் கால் மணி நேரம்தான். நிமிர்ந்தால் கூரை முழுக்க நட்சத்திரம் பதித்த நீலம்.

கட்டியவர் என்ரிக்கோ ஸ்க்ரோவெக்னி. அவருடைய அப்பா ரெஜினால்தோ பெரிய வட்டிக்காரர். கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் உட்கார வைத்தார். 1305இல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது.

மார்ச் 4, புதன்

இயேசுவின் உடலைச் சுற்றி அழும் காட்சியை விட்டு நகரவே மனம் வரவில்லை. கதை எல்லோருக்கும் தெரிந்தது. யார் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) ஓவிய மரபு ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. ஜோத்தோ அங்கே இரண்டு பேரை நமக்கு முதுகு காட்டி உட்கார வைக்கிறார். முகமே தெரியாது, போர்த்திய துணிதான். அந்த முதுகுகள் குனிந்திருக்கும் விதத்திலேயே துக்கம் முழுவதும் வந்துவிடுகிறது. அவர்களுக்குப் பின்னால் நாமும் துக்க வீட்டில் உட்கார்ந்துவிடுகிறோம். மேலிருந்து சரியும் பாறை நம் கண்ணை நேரே தாயின் முகத்துக்கு இழுத்து வருகிறது. வானத்தில் தேவதூதர்கள் ஆளுக்கொரு விதமாகக் கதறுகிறார்கள். இடைக்காலத்தை இருண்ட காலம் என்பவர்கள் இதன் முன்னால் ஒருமுறை நிற்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மழை. இவ்வகைச் சுவரோவியத்தில் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே தீட்டினால்தான் வண்ணம் சுவரோடு ஒன்றும். அதனால் அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கே பூசுவார்கள். விலை உயர்ந்த நீலத்தை மட்டும் சுவர் காய்ந்தபின் பசை கலந்து ஏற்றினார்கள். உதிர்ந்ததும் அதுதான். பிறப்புக் காட்சியில் மரியாவின் ஆடையில் நீலம் பெரும்பாலும் போய்விட்டது. மனம் ஆறவில்லை.

மார்ச் 6, வெள்ளி

கீழ்ச்சுவரில் கற்சிலை போலச் சாம்பல் நிறத்தில் பொறாமை ஒரு பெண் உருவாக நிற்கிறாள். அவள் வாயிலிருந்து புறப்பட்ட பாம்பு திரும்பி அவள் கண்களையே தாக்குகிறது. காலடியில் நெருப்பு, கையில் இறுகப் பிடித்த பை. வட்டிப் பணத்தில் செழித்த குடும்பத்தின் ஆலயத்தில் இப்படி ஓர் உருவம்!

மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் படத்தில், குடிலுக்கு மேலே நெருப்பு வாலோடு ஒரு வால்நட்சத்திரம் பாய்கிறது. அந்த இடத்தில் கதிர் வீசும் நட்சத்திரத்தை வரைவதுதான் வழக்கம். 1301இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்து போனது. ஜோத்தோ அதைப் பார்த்திருப்பார் என்று பலரும் கருதுகிறார்கள். நானும் அப்படியே நம்புகிறேன்.