டிரம்மிலிருந்து டேங்கருக்கு: அட்மிக்சர் அனுப்பிப் பழகிய அனுபவம்

கான்கிரீட் அட்மிக்சரை (கலவையின் தன்மையை மாற்றச் சேர்க்கும் ரசாயனத் திரவம்) டிரம்மிலும், ஐபிசி எனப்படும் 1,000 லிட்டர் கூண்டுத் தொட்டியிலும் அனுப்பிக்கொண்டிருந்த வரை டெஸ்பாட்ச் வேலை பெரிய தலைவலியாக இருந்ததில்லை. ஒரு டிரம் ஒழுகினால் அந்த டிரம்மோடு போயிற்று. கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளான்ட்டுகள் மொத்தமாகக் கேட்க ஆரம்பித்ததும் டேங்கருக்கு மாற வேண்டியதாயிற்று; மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் அதிகம் அனுப்புவது பிசிஇ (பாலிகார்பாக்சிலேட் ஈதர்) வகை சூப்பர்பிளாஸ்டிசைசர், அதாவது குறைந்த தண்ணீரிலேயே கான்கிரீட்டை இளக வைக்கும் திரவம். நீரில் கரைந்த சரக்கு, தீப்பிடிக்காது, பொதுவாக அபாயகரச் சரக்குப் பட்டியலிலும் வராது. அதனால் எல்லோரிடமும் ஒரு மெத்தனம் இருந்தது. ஆனால் அதே கேட் வழியாகத்தான் ஷாட்கிரீட் ஆக்சிலரேட்டரும் (பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்டை வேகமாக இறுக வைக்கும் திரவம்) போகிறது. அதில் சோடியம் அலுமினேட் கரைசல் என்றால் ஐ.நா. எண் 1819, வகுப்பு 8, அரிக்கும் பொருள். கடும் காரம். அலுமினியத் தொட்டியில் ஏற்றினால் உலோகத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். காரமில்லாத ஆக்சிலரேட்டர் இதற்கு நேர்மாறு: பிஎச் 3-ஐ ஒட்டி இருக்கும், சாதா இரும்பை அரிக்கும். எனவே எந்தச் சரக்கு எந்த உலோகத் தொட்டியில் போகலாம் என்று ஒரு அட்டவணை எழுதி லோடிங் மேடையில் ஒட்டியதுதான் முதல் வேலை. ஆக்சிலரேட்டருக்கு 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பொருத்தமான உள்பூச்சு உள்ள தொட்டி மட்டும்.

என் அனுபவத்தில் நிரம்பிய டேங்கரைவிடக் காலி டேங்கருக்குத்தான் அதிக நேரம் செலவாகிறது. வண்டி உள்ளே வந்ததும் கடைசி மூன்று லோடு என்ன, எங்கே கழுவினீர்கள், சான்று எங்கே என்று கேட்போம். காரணம் இருக்கிறது. முன்பு எஸ்என்எஃப் (நாப்தலீன் வகை சூப்பர்பிளாஸ்டிசைசர்) ஏற்றிய தொட்டியில் மிச்சம் இருந்து, அதில் பிசிஇ விழுந்தால் கூழாகத் திரண்டு பம்பையும் லைனையும் அடைத்துவிடும். முந்தைய லோடு சர்க்கரைப் பாகு என்றால் இன்னும் மோசம், சர்க்கரை சிமென்ட் இறுகுவதையே தள்ளிப்போடும். கால்சியம் குளோரைடு என்றால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்க வழி செய்யும். கழுவப் பயன்படுத்திய சோப்பைக்கூட விட முடியாது. அது கான்கிரீட்டில் காற்றைச் சேர்க்கும். கூடுதலாக 1 சதவீதம் காற்று சேர்ந்தால் வலிமை சுமார் 5 சதவீதம் குறையும் என்பது துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு.

ஒருமுறை வந்த வண்டியில் சான்று பக்காவாக இருந்தது. மேன்ஹோல் வழியாக டார்ச் அடித்தால் உள்ளே பளபளவென்று மின்னியது. அடிவால்வுக்கும் வெளி வால்வுக்கும் நடுவில் உள்ள குழாயைத் திறந்து கீழே மக்கைப் பிடித்தேன். கருங்காப்பி நிறத்தில் கொழகொழவென்று அரை மக் இறங்கியது. எஸ்என்எஃப் மிச்சம். தொட்டியைக் கழுவியவர்கள் குழாயைக் கழுவவில்லை. திருப்பி அனுப்பினோம். அன்றிலிருந்து எங்கள் சோதனை கீழிருந்துதான் தொடங்குகிறது. ஹோஸின் உட்புறத்தையும் பார்ப்போம், வண்டியிலேயே சுருட்டி வைத்திருக்கும் ஹோஸை யாரும் கழுவுவதில்லை.

மிச்சத்தைச் சுரண்ட "அஞ்சு நிமிஷம் இறங்கிட்டு வரேன்" என்று கிளீனர் பையன் சொல்வான். விடவே கூடாது. காற்றில் 20.9 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து. மூடிய தொட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது மூக்குக்குத் தெரியாது. கழுவுமிடத்துக்கே வண்டி திரும்பட்டும்.

அடுத்து எடை. டேங்கர் 20,000 லிட்டர், ஏற்ற அனுமதி 21 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி 1.08 (லிட்டருக்கு 1.08 கிலோ) உள்ள பிசிஇ கிட்டத்தட்ட நிரம்பப் போகும். வெயிலில் விரிய இடம் விட்டு 19,000-த்தில் நிறுத்துவோம். எஸ்என்எஃப் 1.22 என்றால் 17,200 லிட்டர்தான். 1.4 அடர்த்தியுள்ள ஆக்சிலரேட்டர் 15,000 லிட்டரிலேயே எடையைத் தொட்டுவிடும், தொட்டி முக்கால்தான் நிறைந்திருக்கும். இந்த முக்கால்தான் வில்லங்கம். பழைய டிரைவர் ஒருவர் சொன்னார்: "சார், தடுப்புத் தகடு இல்லாத வண்டியில இப்படி ஏத்தாதீங்க. பிரேக் போட்டா வண்டி நிக்கும், சரக்கு நிக்காது." வளைவில் திரவம் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியே குடைசாயும். ஐரோப்பாவின் ஏடிஆர் விதியும் அபாயகரத் திரவங்களுக்கு இதையே சொல்கிறது: 7,500 லிட்டருக்கு மேற்படாத பகுதிகளாகத் தடுக்கப்படாத தொட்டி என்றால் 80 சதவீதத்துக்குக் குறையாமலோ 20 சதவீதத்துக்கு மேற்படாமலோதான் நிரப்பலாம். ஆக்சிலரேட்டருக்குத் தடுப்பு உள்ள வண்டி மட்டும் என்று எழுதி வைத்துவிட்டோம். சிறிய டேங்கர் கிடைத்தால் அதைவிட நல்லது.

லோடிங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சக்கரத்துக்குக் கட்டை, சாவி எங்கள் கையில், மேலே ஏறுகிறவருக்குக் கைப்பிடியும் பெல்ட்டும். பிசிஇ சிந்திய தகட்டில் கால் வைத்தால் வழுக்கும், டேங்கர் உச்சியிலிருந்து விழுவது சின்ன விஷயமில்லை.

இறக்குமிடத்தில்தான் கவனம் வேண்டும். காற்றழுத்தம் கொடுத்து இறக்கினால் சீக்கிரம் முடியும் என்பார்கள். அழுத்தத்துக்கென்று கட்டிய தொட்டி அல்லாத வண்டியில் அந்தப் பேச்சே கிடையாது. பொருத்தமான வண்டியிலும் சரக்கு தீரும் நொடியில் காற்று ஹோஸில் பாயும், ஹோஸ் துள்ளும், எதிரே உள்ள பிளாஸ்டிக் தொட்டியின் காற்றுத்துளை சிறிதென்றால் தொட்டி பிளக்கும். பிசிஇ நுரைத்தும் தள்ளும். பம்பில் இறக்கினால் வேறு சிக்கல்: மேன்ஹோலை மூடி வைத்து உறிஞ்சினால் டேங்கரே உள்வாங்கி நசுங்கும். நாங்கள் பம்புக்குத்தான் போனோம். மூடி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது டிரைவர் வேலை, பம்ப் சுவிட்ச் அதற்குப் பிறகு.

ஹோஸ் மாட்டும் முன் பிளான்ட்டின் லேப் ஆட்கள் சாம்பிள் எடுத்து ஹைட்ரோமீட்டர் மிதக்கவிட்டு, அடர்த்தி சரக்கின் சான்றில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பாட்டில் சீல் வைத்து எடுத்து வைப்பார்கள். தொட்டியில் இடம் இருக்கிறதா என்று லெவலை அளப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சரக்கு தவறான தொட்டியில் இறங்க வாய்ப்பு உண்டு. பிளான்ட்டில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு கேம்லாக் (ஹோஸ் மாட்டும் இணைப்பு), ஒரே உயரம், லேபிள் வெயிலில் வெளுத்திருக்கும். எனவே ஒவ்வொரு இன்லெட் மூடிக்கும் பூட்டுப் போடச் சொன்னோம். சாவி லேப் ஆளிடம். அவர் சாம்பிள் பார்த்துவிட்டு வந்து திறந்தால்தான் ஹோஸ் மாட்டலாம். ராத்திரி வரும் வண்டி காலை வரை நிற்கிறது என்று டேங்கர் முதலாளி கத்தினார். காத்திருப்புக் கூலியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.