காமெரினோவில் படிக்கப் போகிறவர்களுக்கு: முதலில் வீட்டு ஒப்பந்தம்

காமெரினோ, இத்தாலியின் மார்க்கே மாநிலத்தில் 661 மீட்டர் உயர மலைமுகட்டில் இருக்கும் ஊர். ஊர்க்காரர்கள் ஏழாயிரத்துக்கும் குறைவு. பல்கலைக்கழகமோ 1336லிருந்து இருக்கிறது. ரயில் ஊருக்குள் வராது. ரோமிலிருந்து வருகிறவர்கள் ஃபாப்ரியானோவில் வண்டி மாறி, காஸ்தெல்ரைமோந்தோவில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து மேலே ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ரொம்பக் குறைவு என்பதால், சனி இரவோ ஞாயிறோ விமானம் இறங்கும்படி டிக்கெட் எடுக்காமல் இருப்பது நல்லது.

2016 அக்டோபர் நிலநடுக்கத்தில் மதிலுக்குள் இருக்கும் பழைய ஊர் பலத்த அடி வாங்கியது. பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு நடுச்சதுக்கத்துக்குப் பக்கத்தில் அறை தேடினால் நேரம்தான் வீண். மாணவர் வாழ்க்கை பெரும்பாலும் மதிலுக்கு வெளியே, வளாகத்தைச் சுற்றித்தான். மிலானோடு ஒப்பிட்டால் வாடகை குறைவு. ஆனால் வீடுகளும் குறைவு. செப்டம்பரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் கிடைத்ததை எடுக்க வேண்டியதுதான். சின்ன ஊருக்கு இதுவே பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். மற்ற காகிதங்கள் பலவும் வீட்டு ஒப்பந்தம் என்ற இந்த ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கின்றன.

மாணவர்களுக்கென்றே 1998ஆம் ஆண்டின் 431ஆம் எண் சட்டத்தில் தனி வகை ஒப்பந்தம் உண்டு. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 36 மாதம். கையெழுத்தாகி 30 நாளுக்குள் அதை வரி அலுவலகமான அஜென்சியா தெல்லே என்த்ராத்தேயில் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 48 மணி நேரத்துக்குள் அரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் நகலை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் தேவைப்படும்.

"பதிவு வேண்டாம், ஐம்பது யூரோ குறைத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்காரருக்கு வரி மிச்சமாகும், உங்களுக்கோ உதவித்தொகை குறையும். வெளியூர் மாணவருக்கான முழுத்தொகை கிடைக்க, பொதுவாகப் பத்து மாதத்துக்குக் குறையாத, பதிவு செய்த ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்களைக் குறைந்த தொகைக்கான பிரிவில் போட்டுவிடுவார்கள். ஒன்பது மாத ஒப்பந்தம் எழுதிவிட்டு ஆயிரக்கணக்கில் இழப்பது இப்படித்தான். வீட்டைக் காலி செய்ய எத்தனை மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், குளிர்கால ஹீட்டிங் செலவு வாடகைக்குள் அடங்குமா என்ற இரண்டையும் கையெழுத்துப் போடுமுன் பார்த்துவிடுங்கள்.

உதவித்தொகையை இங்கே தருவது எர்திஸ் மார்க்கே என்ற மாநில அமைப்பு. விண்ணப்பத்துக்கு ஈஸே பாரிஃபிகாத்தோ என்ற குடும்ப வசதிக் கணக்கு வேண்டும். 2025இல் போடும் கணக்குக்கு 2023ஆம் ஆண்டின் வருமானமும் அந்த ஆண்டுக் கடைசி நாளின் வங்கி இருப்பும் தேவை. இரண்டு ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும் என்பது தெரியாமல் போன வருடச் சான்றிதழை வாங்கி வருகிறவர்கள் நிறைய. இந்திய ஆவணங்களுக்கு, வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போட்டுத்தரும் அப்போஸ்டில் முத்திரையும் இத்தாலிய மொழிபெயர்ப்பும் வேண்டும். கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஊரிலிருந்து கூரியரில் வரவழைப்பதற்குள் கெடு போய்விடும்.

இந்தக் கணக்கில் சொந்த வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 500 யூரோ என்று மதிப்புப் போடுவார்கள். நம் ஊர்ப் பத்திரங்களில் இருப்பது சதுர அடி. ஆயிரம் சதுர அடி வீடு என்றால் சுமார் 93 சதுர மீட்டர், மதிப்பு 46,500 யூரோ. அந்த ஆயிரத்தை மாற்றாமல் அப்படியே எழுதிவிட்டால் ஐந்து லட்சம் யூரோ சொத்துள்ள குடும்பமாகிவிடுவீர்கள், உதவித்தொகை அதோடு போயிற்று. கட்டடத்துக்குப் பதிலாக மனையின் அளவைப் போட்டாலும் இதே கதிதான். அளவுச் சான்றில் கட்டடப் பரப்பு தனியாக, சதுர மீட்டரிலேயே இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி. வந்திறங்கிய எட்டு வேலை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "ஸ்போர்தெல்லோ அமீகோ" என்று எழுதிய கவுண்டர் உள்ள தபால் நிலையத்தில் விண்ணப்ப உறையை இலவசமாகத் தருவார்கள். முதல் படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, 16 யூரோ வரிவில்லையைப் புகையிலைக் கடையில் வாங்கி ஒட்டுங்கள். ஓராண்டு வரையிலான அனுமதிக்கு 70.46 யூரோ, தபால் சேவைக்கு 30 யூரோ தனி. உறையை ஒட்டாமல் கொண்டுபோங்கள், அங்கேயே திறந்து சரிபார்ப்பார்கள். அனுமதி அட்டை வரும்வரை அங்கே தருகிற ரசீதுதான் உங்கள் அடையாளம், அதனால் அதைப் படம் எடுத்து வையுங்கள். கைரேகைக்குப் போக வேண்டியது மாவட்டத் தலைநகர் மாசெராதாவின் க்வெஸ்தூரா என்ற காவல்துறைத் தலைமை அலுவலகத்துக்கு. காலை நேரம் ஒதுக்கியிருந்தால் முதல் பஸ்ஸுக்கே கிளம்புங்கள். அசல் பாஸ்போர்ட், நான்கு புகைப்படம், காப்பீடு, வீட்டு ஒப்பந்தம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

கோதிச்சே ஃபிஸ்காலே என்ற 16 எழுத்து வரி எண் கிடைத்ததும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். குடும்பப்பெயரிலிருந்து மூன்று, பெயரிலிருந்து மூன்று, பிறகு பிறந்த ஆண்டு, மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதி, பிறந்த நாடு என்று போகும். பெண்களுக்குத் தேதியோடு 40 கூட்டியிருக்கும், அது பிழை இல்லை. இந்தியாவுக்கு இசட் 222, இலங்கைக்கு இசட் 209. குடும்பப்பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்தான் நம்மவர்களுக்குத் தலைவலி. பல்கலைக்கழகம் ஒரு மாதிரியும் வரி அலுவலகம் வேறு மாதிரியும் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டால் வங்கிக் கணக்கு திறக்கும்போது இடிக்கும். முடிந்தால் பாஸ்போர்ட்டை ஊரிலேயே திருத்திக்கொண்டு போவது மேல்.

அரசு மருத்துவ சேவையில் சேர மாணவருக்கு 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ. அது காலண்டர் ஆண்டு. அக்டோபரில் கட்டினாலும் டிசம்பர் 31ஆம் தேதி முடிந்துவிடும். அதுவரை தனியார் காப்பீட்டில் ஓட்டிவிட்டு, வேண்டுமென்றால் ஜனவரியில் சேர்வதுதான் கணக்குக்குச் சரி.

தேர்வு பெரும்பாலும் வாய்மொழி. 30க்கு 18 எடுத்தால் தேர்ச்சி, மதிப்பெண் பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு அடுத்த முறை எழுதலாம். உதவித்தொகை வாங்குகிறவர்கள் அப்படி மறுப்பதில் தாராளம் காட்ட முடியாது. இரண்டாம் தவணைக்கு முதலாண்டில் பொதுவாக ஆகஸ்ட் 10க்குள் 20 கிரெடிட் (தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளி) வேண்டும். நவம்பர் 30க்குள்ளும் சேராவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர நேரும். விசா தாமதமாகி நவம்பரில் வருகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரித் தேர்வுகளைக் கோட்டைவிட்டு, ஜூன், ஜூலையில் எல்லாவற்றையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். ஜனவரியில் சின்னதாக ஒரு பாடத்தையாவது முடித்துவிடுங்கள். அனுமதியைப் புதுப்பிக்கவும் முதலாண்டில் குறைந்தது ஒரு தேர்வில் தேறியிருக்க வேண்டும்.

மிக்சி கொண்டுபோகலாம், மின்னழுத்தம் 230 வோல்ட்தான். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். வீடுகளுக்கு வழக்கமாக 3 கிலோவாட் இணைப்புதான் இருக்கும். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது மின்சார ஓவனையும் போட்டால் மீட்டர் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். மீட்டர் பல கட்டடங்களில் கீழே படிக்கட்டுப் பக்கம் பூட்டிய பெட்டியில் இருக்கும். வீட்டுச் சாவியோடு அந்தப் பெட்டிச் சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.