இனிஷியல்

2026 பிப்ரவரி 3
பீரோவின் கீழ்த்தட்டில் பழைய உயில் கிடைத்தது. 2017-இல் எழுதியது. திருப்பாப்புலியூர் வீடு முழுக்க அவருக்கு. தீர்ப்பு வந்த அன்றே இது செத்துப்போயிற்று என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 4
சாகவில்லை. விவாகரத்து ஆனதால் மட்டும் உயில் ரத்தாகாதாம். “கிழிச்சுப் போட்டா போதுமா மேடம்?” என்றேன். “பதிவு பண்ணினதுதானே? காப்பி அங்க இருக்கும். நீங்க கிழிச்சது யாருக்குத் தெரியும்? புதுசா எழுதுங்க, முந்தினது செல்லாதுன்னு ஒரு வரி சேருங்க” என்றார் வக்கீல்.

பிப்ரவரி 5
24-ஆம் தேதி அட்மிட். வெறும் வயிற்றோடு வர வேண்டும்.

பிப்ரவரி 9
வங்கி. டெபாசிட்டிலும் நாமினி அவர்தான். போன நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போடலாமாம். நாலு பேருக்கு நான் எங்கே போவேன்! பாப்பா பெயரை எழுதி, மைனர் என்பதால் பணத்தை வாங்கித் தர தம்பி பெயரையும் எழுதினேன். கையெழுத்து ஒத்துவரவில்லை. அப்பாவின் ‘க’ போட்டிருக்கிறேன், அவர்களிடம் இருப்பது ‘ம’. “எந்த இனிஷியல்மா?” என்றது கவுன்டர் பெண். சின்னப் பெண்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘ம’ போட்டேன். வால் கோணிக்கொண்டது. இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

பிப்ரவரி 11
தூக்கமில்லை. உயிலே எழுதாமல் போனாலும் வீடு பாப்பாவுக்குத்தான் வரும். ஆனால் அவளுக்கு 11 வயது. 1956 சட்டப்படி அவளுக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்கு அப்புறம்தான் அம்மா. நான் இல்லையென்றால் சாவி யார் கையில்? கோர்ட் அனுமதி இல்லாமல் மைனர் சொத்தை விற்க முடியாது என்கிறார் வக்கீல். தெரிகிறது. பாப்பாவின் அப்பா கெட்டவருமில்லை, கடன் வாங்குகிறவர், அவ்வளவுதான். வீட்டைத் தம்பி பொறுப்பில் டிரஸ்டாக எழுதி, அவளுக்கு 21 ஆனதும் ஒப்படைக்கச் சொல்லலாமாம். சரி, வீட்டுக்கு வழி பிறந்தது. “பாப்பாவையும் தம்பிகிட்டயே விடச் சொல்லி எழுதலாமா?” என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது என்றார். வீட்டோடு பூவரச மரத்தைக்கூட எழுத முடிகிறது.

பிப்ரவரி 12
மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் போக வேண்டும் என்கிறாள். சரி என்றுவிட்டேன். தையல் போட்ட வயிற்றோடு அலைக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது?

பிப்ரவரி 16
மஞ்சக்குப்பம். டைப் அடித்த காகிதத்தில் ‘க. … என்கிற ம. …’ என்று வந்திருக்கிறது. வீட்டுப் பத்திரத்தில் ‘க’, ஆதாரில் ‘ம’, இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட வேண்டுமாம். ‘என்கிற’வை எடுத்துவிட முடியாதா என்றேன். கண்ணாடிக்கு மேலே பார்த்தார் பத்திர எழுத்தர்.

பிப்ரவரி 18
சாட்சி இரண்டு பேர். நம்மைவிட வயதில் சின்னவர்களாக இருந்தால் நல்லதாம், பின்னால் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டுமே. எதிர்வீட்டுத் தம்பியைக் கேட்டேன். “எதுக்குக்கா இப்பவே?” என்றான். ஆபரேஷன் பற்றிச் சொல்லவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சி படிக்கத் தேவையில்லை, அது ஒரு நிம்மதி.

பிப்ரவரி 20
பதிந்தாயிற்று. போட்டோ, கைரேகை. கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் ‘க’.

பிப்ரவரி 22
பி.எஃப். மறந்தே போனேன். அதிலும் அவர். ஆன்லைனில் மாற்றலாம், பாப்பா போட்டோவும் ஏற்றியாயிற்று. கடைசியில் ஆதார் ஓ.டி.பி. கேட்கிறது. ஆதாரில் இருக்கும் நம்பர் அவருடையது.

பிப்ரவரி 23
நாலு ரிங் போனது. “ஆறு நம்பர் வந்திருக்கு, சொல்லவா?” என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. நான் எழுதி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. “இன்னொண்ணு வரும், இருங்க” என்றேன். இருந்தார்.