திருத்தத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும்

வெல்டிங் ரோபோக்களுக்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. முன்பெல்லாம் ரோபோவை நகர்த்திப் புள்ளிகளைப் பதிவுசெய்யும் டீச் பெண்டன்ட் என்ற கருவியைக் கையில் பிடித்தபடி ரோபோவின் அருகில் நின்று, ஒவ்வொரு புள்ளியாகக் கற்றுக்கொடுப்போம். விநாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டாத வேகத்தில் ஒரு பாகத்தை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்போது முப்பரிமாண வரைபடத்தைக் கொடுத்தால் மென்பொருளே பாதையைப் போட்டுவிடுகிறது. இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் கேலிபரேஷன், அதாவது எண்களும் உண்மையான இடமும் பொருந்தும்படி செய்யும் அளவுத்திருத்தம், சரியில்லாத ரோபோவுக்கு அந்தப் பாதை எதற்கும் உதவாது.

போன இடத்துக்கே மறுபடியும் போவதில் ரோபோ கெட்டி, 0.05 மில்லிமீட்டருக்குள் வந்து நிற்கும். இதுவரை போகாத ஓர் இடத்தை எண்களால் மட்டும் சொல்லி அனுப்பினால், அதே ரோபோ ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தள்ளி நிற்கலாம். அடி மூட்டின் பூஜ்ஜிய நிலை 0.05 டிகிரி பிசகினாலே, இரண்டு மீட்டர் நீண்ட கையின் நுனியில் 1.7 மில்லிமீட்டர் விலகல். நாங்கள் பயன்படுத்தும் வெல்டிங் கம்பியின் தடிமனே 1.2 மில்லிமீட்டர்தான். கையால் கற்றுக்கொடுத்த காலத்தில் கண் பார்த்து நிறுத்தியதால் இந்தப் பிழை வெளியே தெரியவில்லை.

முன்பு, ரோபோவின் கையில் வெல்டிங் கம்பியை நீட்டிப் பிடிக்கும் டார்ச் எதிலாவது இடித்துக் கழுத்து வளைந்தால், நிலையாக நட்ட ஓர் ஊசியின் முனையை நான்கு பக்கங்களிலிருந்து தொடவைத்து நுனியின் இடத்தைப் புதிதாகக் கணக்கிடுவோம். இப்போது கம்பியை அளவாக வெட்டி, குறுக்கே ஓடும் இரண்டு ஒளிக்கற்றைகளுக்கு இடையே ஆட்டினால் போதும். சில விநாடிகளில் ரோபோவே தன்னைத் திருத்திக்கொள்கிறது. பாகம் இருக்கும் இடத்தையும் அப்படியே கண்டுபிடிக்கிறது. குறைந்த மின்னழுத்தம் ஏற்றிய கம்பி தகட்டைத் தொட்டதும் சுற்று மூடுகிறது. அந்த இடத்துக்கு ஏற்பப் பாதை முழுவதும் நகர்கிறது.

என் கவலை இங்கேதான். ஒரு தொழிற்சாலையில் இந்தத் திருத்தம் நாளுக்கு நாள் ஒரே திசையில் வளர்ந்துகொண்டே வந்தது. வெல்டிங் நன்றாகவே இருந்ததால் அந்த எண்ணை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஒருநாள் தேடும் எல்லைக்குள் தகடே அகப்படாமல் ரோபோ நின்றது. பாகத்தைப் பிடித்துவைக்கும் சட்டமான ஜிக்கில், அதை இடத்தில் நிறுத்தும் முளை ஒரு பக்கமாகத் தேய்ந்து, விரல் வைத்தாலே தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமாகியிருந்தது. அத்தனை நாளும் அந்தத் தேய்மானத்தை ரோபோ சத்தமில்லாமல் ஈடுகட்டியிருக்கிறது.

அதிலிருந்து எந்த ரோபோவை ஒப்படைத்தாலும் திருத்த எண்கள் ஒவ்வொன்றும் பதிவாகும்படி செய்கிறேன். அரை மில்லிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை, ஒன்றைத் தாண்டினால் நிறுத்தம். உற்பத்தி தடைப்படுகிறது என்று வரம்பைக் கூட்டச் சொல்பவர்களிடம், முதலில் டார்ச்சை அந்த ஊசியில் சரிபார்க்கச் சொல்கிறேன். நுனி ஊசியில் சரியாக வந்து நின்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது ஜிக்கையும் பாகத்தையும்தான்.