429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297

2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் இந்த எண்தான், 4,29,49,67,297. இது பகா எண் என்றுதான் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் கணித அறிஞர் ஆய்லர் காரணிகளாக உடைத்துக் காட்டினார்: 641 × 67,00,417. இரண்டுமே பகா எண்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படி வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே சிக்கிவிடுகிறது!

வகுக்காமலும் நிறுவலாம், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 641 = 5×128+1. ஆக 5×2⁷-ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 = 625+16, அதாவது 5⁴-உம் −2⁴-உம் ஒரே மீதிதான். 5⁴-க்குப் பதில் −2⁴-ஐ மாற்றிப் போடுங்கள்: −2³²-க்கு மீதி 1. எனவே 2³²+1 மீதியின்றி வகுபடும்.

நிரலில் சோதிப்பவர்கள் கவனிக்க: 32 பிட் குறியில்லா முழு எண் வகையில் 2³² அடங்காது, 0 ஆகிவிடும், விடை வெறும் 1 என்று வரும். 64 பிட் எடுங்கள். ஃபெர்மா சோதனை என்று ஒன்று உண்டு: ஓர் அடியை, சோதிக்கும் எண்ணைவிட 1 குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. அதை 2-ஐ அடியாக வைத்துச் செய்தாலும் இது பகா எண் போலவே தேறிவிடும். 3-ஐ வையுங்கள், மாட்டிக்கொள்ளும்.